போரும் ஓவியமும்

பரணி என்னும் பிரபந்தம் தோற்றவர் பெயரால் வழங்கும் என்பதை இலக்கணம் பயின்றார் அறிவர். வென்றவன் புகழைப் பாட வந்த புலவன் தோற்றவன் நாட்டின் பெயரை நூலுக்குச் சூட்டுவானேன்? மாற்றான் அடைந்த இழிவு நெடுநாள் நினைக்கப்பட வேண்டும் என்பது கருத்துப்போலும். இக்கருத்து, சொல்லிலன்றி வண்ணத்திலும் தொழிற்படுமாற்றை இரண்டு ஓவியங்கள் வாயிலாக ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் முறியடித்தனர். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு அவ்வெற்றியைத் தீட்டுவித்தார். அதன்கண் வெடிமருந்து வண்டி தீப்பற்றிச் சிதறுகின்றது. பெய்லி பல்லக்கில் கலங்கியிருக்கின்றார். மறு ஆண்டு ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் ஐதர் தோற்றார். அத்தோல்விக்கு அச்சுவரில் இடமில்லை.

நிற்க. பொள்ளிலூரில் சிறைப்பட்டோருள் டேவிட் பேர்டு என்பவர் ஒருவர். 1784இல் விடுதலை பெற்ற இவரே, 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை பூண்டார். அன்று திப்பு மாண்டார். அவர் உடலைப் பேர்டு கண்டெடுத்த காட்சியை, பேர்டின் மனைவியார் வேண்டியவாறு, டேவிட் வில்க்கி 1839இல் வரைந்து முடித்தார். வில்க்கி இந்தியாவைக் கண்டவரல்லர். அவ்வோவியத்தில் பேர்டு நிமிர்ந்து நிற்க, திப்புவின் உடல் கீழே கிடக்கின்றது. பேர்டின் காலடியில் இரும்புக் கிராதியொன்று, அவர் முன்பு அடைபட்டிருந்த சிறையைக் குறிப்பதாகத் தீட்டப்பட்டுள்ளது. பழிவாங்கல் இங்கே நீதியின் கோலம் பூணுகின்றது. அன்றிரவு நகரைச் சூறையாடிய வீரர்களையோ அதில் காண்கிலோம்.

இவை பொய்யோ எனின், முற்றும் பொய்யல்ல. பெய்லி தோற்றதும் மெய். திப்பு வீழ்ந்ததும் மெய். வேண்டிய மெய்யை விரித்து, வேண்டாத மெய்யை விடுத்தலே பிரசாரத்தின் வன்மை. பொய்யை மறுத்தல் எளிது; விடுபட்டதை உணர்தல் அரிது.

1780இல் ஐதர் படையால் எரியுண்ட ஆர்க்காட்டுச் சீமைச் சிற்றூர்களின் உழவர், அவ்விரண்டு ஓவியங்களிலும் இலர். அவர்கள் துயரைத் தீட்டுவிக்கப் பொன் கொடுப்பார் யாரிருந்தனர்?

ஆதலின், போரோவியம் ஒன்றன்முன் நிற்குந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புவோமாக: இதனை வரைவித்தவர் யார்? எக்காலத்து வரைவித்தார்? இதன்கண் இடம்பெறாதவர் யார்? மூன்றாம் வினாவுக்கு ஓவியம் விடை தாராது. அதனைத் தேடுதல் பயில்வோராகிய நம் கடன்.