சான்றிதழில் உள்ள விழுக்காடு: மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிகளைப் பெறும் வழி

வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் மருந்தையும் உணவையும் பற்றிய ஐயங்களே. உதவித்தொகை பற்றிய கேள்வி பல மாதங்கள் கழித்து, கையிருப்புத் தீர்ந்த பின்னரே எழுகிறது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர், விபத்தில் காலை இழந்தவர், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் ஆகியோரின் இல்லங்களில் பொருள் ஈட்டியவரே படுக்கையில் இருக்கிறார். அவரைப் பேணுவதற்காக மற்றொருவரும் வேலையை விட்டிருக்கிறார். அத்தகைய குடும்பத்திற்கு மாதம் 2,000 ரூபாய் என்பது சிறு தொகையன்று. எனவே தமிழ்நாட்டில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய உதவிகளை எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

யார் மாற்றுத்திறனாளி என்பதே முதலில் தெளிவாக வேண்டும். கை, கால், கண், செவி ஆகியவற்றின் குறைபாடுகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். 1995ஆம் ஆண்டின் சட்டத்தில் 7 வகைகள் இருந்தன. அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளை ஏற்றுள்ளது. பார்க்கின்சன் நோய், தண்டுவட மரப்பு நோய், தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா, மனநோய், புற உலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசம் ஆகியன அவற்றுள் அடங்கும். தங்கள் நோய் இப்பட்டியலில் உள்ளது என்பதை அறியாமலேயே ஆண்டுகளைக் கடத்தியவர்களை நாங்கள் தொடர்ந்து சந்திக்கிறோம்.

அனைத்து உதவிகளுக்கும் வாயில், பாதிப்பின் அளவை விழுக்காட்டில் குறிக்கும் மருத்துவச் சான்றிதழும், அதனுடன் வழங்கப்படும் தனித்துவ அடையாள அட்டையுமே (யு.டி.ஐ.டி.). இச்சான்றிதழை அரசால் நியமிக்கப்பட்ட மருத்துவ அலுவலர்களே வழங்க இயலும். சிகிச்சை அளித்த மருத்துவர் எழுதித் தரும் கடிதம் ஆதாரமாகப் பயன்படுமே அன்றிச் சான்றிதழ் ஆகாது. அட்டையின் வண்ணமும் பொருளுடையது: 40 விழுக்காட்டிற்குக் குறைந்தால் வெள்ளை, 40 முதல் 80க்கு உட்பட்டால் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம்.

ஒரே நபருக்கு இரு பாதிப்புகள் இருந்தால் விழுக்காடுகள் நேராகக் கூட்டப்படுவதில்லை. கூடுதலான அளவு 40, குறைவானது 30 எனில், 90இலிருந்து 40ஐக் கழித்து எஞ்சும் 50ஐ 30ஆல் பெருக்கி, 90ஆல் வகுத்து, வரும் விடையை 40உடன் சேர்ப்பார்கள். ஏறத்தாழ 57 கிடைக்கும். "எழுபது வர வேண்டியதைக் குறைத்துவிட்டார்கள்" என்று வருந்தி வருவோர்க்கு இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுவது எங்கள் வழக்கம். கணக்கு சரியாயினும் மதிப்பீடு தவறு என்று கருதினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்திலேயே இடமுண்டு.

குடும்பங்களுக்குப் பேரிழப்பை உண்டாக்குவது மற்றொரு தவறான புரிதல். ஓர் உதவிக்குத் தகுதியில்லை என்று சொல்லப்பட்டதும், எதற்குமே தகுதியில்லை என்று எண்ணிக் கோப்பை மூடி வைத்துவிடுகிறார்கள். ஒவ்வோர் உதவிக்கும் வரம்பு வேறு. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குக் கை கால் இயக்கப் பாதிப்புடையோர் 75 விழுக்காட்டை எட்டியிருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு ஆகியவற்றிற்கோ 40 விழுக்காடே போதும். 60 விழுக்காடு பெற்ற ஒருவருக்கு இத்தொகை மறுக்கப்படலாம். ஆனால் வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்திற்கு அவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியே விண்ணப்பித்துப் பார்க்கலாம். இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே ஒருவர் பெற இயலும். நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணமும் அவருக்கு உண்டு. தொடர் வண்டிக் கட்டணச் சலுகைக்குக் குறிப்பிட்ட சில பாதிப்புகளே தகுதி பெறும். அதற்கென உள்ள தனிப் படிவத்தில் அரசு மருத்துவர் கையொப்பமிட வேண்டும். வருமான வரி செலுத்துவோர் பழைய வரிமுறையில் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 விழுக்காட்டிற்குக் குறையாதிருப்பின் 1,25,000 ரூபாயும் கழிவாகக் கோரலாம். மாற்றுத்திறனாளியைப் பேணும் குடும்பத்தினருக்கும் இவ்வாறே கழிவு உண்டு.

சிகிச்சைச் செலவிற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருப்பதைப் பலரும் அறிவர். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கெனத் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டைத்தான் பலர் அறிவதில்லை. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான இத்திட்டத்தில் புறநோயாளி சிகிச்சையும் பயிற்சிச் சிகிச்சைகளும் அடங்கும். சேருமுன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை.

இந்நான்கு நிலைகளில் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், சட்டத்தின் பார்வையில் பெற்றோர் தாமாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை. வங்கியிலோ சொத்துப் பதிவிலோ கையொப்பம் கேட்கப்படும் நாளில்தான் இது தெரிய வருகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று பெறலாம். தாய் தந்தையர் நலமாக இருக்கும்போதே இதை முடித்து வைப்பது நன்று. எங்கள் அனுபவத்தில் மிகுதியும் தள்ளிப்போடப்படும் பணி இதுவே.

எப்போது விண்ணப்பிப்பது? கால் அகற்றப்பட்டவர் போன்றோர் காத்திருக்கத் தேவையில்லை. பக்கவாதம் போன்றவற்றில் உடல்நிலை ஓரளவு நிலைபெற்ற பின்னரே மதிப்பிடுவார்கள். முன்னேற்றத்திற்கு இடமிருப்பின் தற்காலிகச் சான்றிதழ் கிடைக்கும். அதன் முடிவு நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

வீடு திரும்புமுன் எங்கள் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவிற்கு வாருங்கள். நோயாளியின் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள் ஆகியவற்றை எடுத்து வந்தால் இணையவழி விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம். விடுவிப்புச் சுருக்கம், ஊடுகதிர்ப் படங்கள், நரம்பியல் அறிக்கைகள் ஆகியவற்றின் மூலத்தை எவரிடமும் ஒப்படைக்காமல் நகல்களையே கொடுங்கள். மனு நிலுவையில் நின்றால், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் விண்ணப்ப எண்ணுடன் முறையிடலாம்.