கீதை பாடும் மேனாட்டு இசைநாடகம்

வரலாற்றை இசையாக்கப் புகுவோன் எதனைக் காட்டவேண்டும், எதனைப் பாடவேண்டும்? இவ்வினாவுக்கு விடைகாண, மேனாட்டார் ‘ஒபரா’ என வழங்கும் இசைநாடக வகையில் அமெரிக்கரான பிலிப் கிளாஸ் இயற்றிய ‘சத்தியாக்கிரகம்’ என்னும் ஆக்கத்தை நாம் ஆராய்வோம்.

கிளாஸ் 1937 இல் பால்ரிமோர் நகரிற் பிறந்தவர். பாரிசிற் பயின்ற காலத்தில், பண்டித ரவிசங்கரின் இசையை மேனாட்டுச் சுரக்குறியில் எழுதும் பணி அவருக்கு வாய்த்தது. சிறு தாள அலகுகளைக் கூட்டியும் பெருக்கியும் பேருருவஞ் சமைக்கும் முறையை அங்கே உணர்ந்தார். பின்னர் நியூயோர்க்கில் வாடகைக்கார் ஓட்டியும் குழாய் பொருத்தியும் பிழைத்தவாறே இசை இயற்றினார். ஐன்ஸ்டைன் (1976), காந்தியடிகள் (1980), எகிப்திய மன்னன் அக்நாத்தன் (1984) ஆகியோரைப் பொருளாகக் கொண்டு மூன்று இசைநாடகங்களை ஆக்கினார். ஆவணப்படங்களுக்கும் அவர் இசை துணைநின்றது. 1982 இல் வெளிவந்த ‘கோயானிஸ்காற்சி’யில் உரையாடலோ விளக்கவுரையோ இல்லை, காட்சியும் இசையுமே கருத்தை உணர்த்துகின்றன.

‘சத்தியாக்கிரகம்’ 1980 இல் ரொட்டர்டாமில் அரங்கேறியது. காந்தியடிகளின் தென்னாபிரிக்க வாழ்வே அதன் பொருள். டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் ஆகிய மூவரும் மூன்று அங்கங்களுக்கும் சாட்சிகளாக நிற்கின்றனர். காட்சிகள் கால வரிசையில் அமையவில்லை. பாடப்படுவன யாவும் வடமொழிக் கீதை வாசகங்களே. மேடையில் நிகழ்வது வரலாறு. செவியில் விழுவது அறநூல்.

இவ்வமைப்பின் ஆற்றலை இரண்டாம் அங்கத்திற் காணலாம். 1908 ஓகஸ்ட் 16 இல், ஜொகனஸ்பேர்க் ஹமீதியாப் பள்ளிவாசல் முன்றிலில், இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றுகூடி, 2000 க்கு மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களைக் கொப்பரையிலிட்டு எரித்தனர். பள்ளிவாசல் முன்றிலில் நிகழ்ந்த அச்செயலுக்குக் கீதை குரல் கொடுக்கின்றது. கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே விளங்கும் கல்முனைக் கரையில் வாழும் நாம் இதனை ஆழ்ந்து எண்ணுதல் தகும்.

இறுதி அங்கம் 1913 ஆம் ஆண்டின் நியூகாசில் நடைப்பயணத்தைக் காட்டுகின்றது. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்மீது சுமத்தப்பட்ட 3 பவுண் வரியை எதிர்த்து நடந்த அந்நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருட் பலர் தமிழர். 1914 இல் அவ்வரி நீக்கப்பட்டது. நாடக முடிவில், காந்தியடிகள் ஏறுமுகமான ஒரே சுரவரிசையை முப்பது தடவை பாடுகிறார். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் ஒரே அடியை மீளமீளப் பாட, விடியும்வரை வடமோடிக் கூத்துப் பார்த்த நமக்கு இம்முறை அந்நியமன்று.

எனினும், அத்தொழிலாளர் தம் தாய்மொழியில் அந்நாடகத்திற் பேசவில்லை. அறத்தின் பொதுமையைக் காட்ட முனைந்த கலைஞன் கொடுத்த விலை அது. கூத்தும் நாட்டார் கவியும் வழங்கும் நம் மண்ணில், வயலிலும் கடலிலும் உழைத்த இரு சமூகத்தாரின் வரலாறு இன்னும் பாட்டுடைப் பொருளாக வேண்டியிருக்கின்றது. முதியோர் நினைவிலுள்ளவற்றை மாணவர் இன்றே எழுதிவைத்தால், நாளைய கலைஞன் அவற்றை அவர்தம் மொழியிலேயே பாடுவான்.