வெள்ளிக்கிழமைச் சந்தை

கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். ஆகவே, பெரும்பாலான பிற மாநிலங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் காணும் சந்தைக் கூட்டத்தை இங்கு வெள்ளிக்கிழமை காலையில் காணலாம். நாள் குறித்துச் சந்தை கூடுவது இம்மாநிலத்திற்குப் புதிதன்று. கெடா மலாய் மக்கள் வாரச் சந்தையை ‘நாட்’ என்று அழைப்பர். ‘குறித்த நாளில் கூடும் சந்தை’ என்பதற்குத் தாய்லாந்து மொழியில் வழங்கும் பெயரிலிருந்து வந்த சொல் அது. அலோர் ஸ்டாரில் இருக்கும் புகழ்பெற்ற ‘பெக்கான் ரபு’ இன்று நாள்தோறும் திறந்திருக்கிறது. எனினும், முன்பு புதன்கிழமைகளில் மட்டும் கூடியதன் அடையாளம் அதன் பெயரிலேயே தங்கிவிட்டது. தமிழுக்கும் இது பழக்கமான செய்திதான். மதுரையின் பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது. இன்று நாம் ‘பாசார் மாலாம்’ என்று சொல்வதற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் ஒரு சொல் இருந்திருக்கிறது!

இவற்றுள் உழவர் சந்தை, அதாவது ‘பாசார் தானி’, சற்று வேறுபட்டது. விளைபொருள்களைச் சந்தைப்படுத்த உழவர்களுக்கு உதவும் நோக்கத்தோடு 1965ஆம் ஆண்டு ‘ஃபாமா’ எனப்படும் கூட்டரசு வேளாண் சந்தைப்படுத்தும் வாரியம் அமைக்கப்பட்டது. அவ்வாரியம் 1985ஆம் ஆண்டு உழவர் சந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. திறந்த வெளியில் குடைகளையோ கூடாரங்களையோ அமைத்து, வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில், பெரும்பாலும் காலை நேரத்தில் நடக்கும் சந்தை இது. பயிரிட்டவரே நேரடியாக விற்க வேண்டும்; உண்பவர் நேரடியாக வாங்க வேண்டும்; இடையில் கைகள் குறைய வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

கைகள் குறைந்தால் என்ன ஆகும்? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பேரங்காடியில் ஒரு கட்டுக் கங்கோங் கீரை 2 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 ரிங்கிட்டும் பயிரிட்டவருக்குப் போவதில்லை. தோட்டத்திலிருந்து ஏற்றிச் செல்பவர், மொத்த வியாபாரி, கட்டிப் பொட்டலமிடுபவர், குளிரூட்டிய லாரி, கடை வாடகை, மின்சாரக் கட்டணம் என ஒவ்வொன்றும் அதில் ஒரு பங்கைப் பெறுகின்றது. வழியில் வாடி வீணாகும் கீரையின் விலையும் அதில் அடங்கும். அதே கீரையை உழவர் சந்தையில் 1 ரிங்கிட் 50 சென்னுக்கு வாங்கினால் நமக்கு 50 சென் மிச்சம். உழவருக்கும் கூடுதலாகக் கிடைக்கக்கூடும். ஆனால், இக்கணக்கை இத்துடன் நிறுத்திவிடக்கூடாது. உழவர் விடியற்காலையில் எழுந்து, சொந்த வாகனத்தில் எண்ணெய் ஊற்றி, அரை நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார். மழை பெய்தால் கூட்டம் வராது. விற்காத கீரை அவர் தலையில்தான் விழும். ஆகவே, உழவர் சந்தை என்றால் எப்போதும் எல்லாமே மலிவு என்று எதிர்பார்ப்பது சரியன்று.

விலையை விடப் பெரிய வேறுபாடு புதுமையில் இருக்கிறது. பறித்த பிறகும் காய்கறிக்கு உயிர் இருக்கிறது. அது தொடர்ந்து சுவாசிக்கிறது, நீரை இழக்கிறது, தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையைச் செலவழிக்கிறது. சோளத்தைப் பறித்ததும் அதிலுள்ள சர்க்கரை மெல்ல மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. அதனால்தான் அன்று பறித்த சோளத்தின் இனிப்பு மூன்று நாள் கழித்து இருப்பதில்லை. கீரைகளில் வைட்டமின் சி விரைவாகக் குறைகிறது. வெப்பம் கூடக்கூட இம்மாற்றங்களும் விரைவுபடும். பேரங்காடிகள் குளிரூட்டுவது இந்தச் சுவாசத்தை மெதுவாக்குவதற்காகவே. எனவே, நன்கு குளிரூட்டிய கீரை, வெயிலில் நாலு மணி நேரம் கிடந்த சந்தைக் கீரையை விட நல்ல நிலையில் இருப்பதும் உண்டு. சந்தைக்குக் காலையிலேயே போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் அறிவியலும் இருக்கிறது.

வாங்கத் தெரிந்தவர்கள் காய்களிடமே கேட்டுக்கொள்வார்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்தால் ‘பட்’டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றியது. (ஒடித்துவிட்டு வாங்காமல் போவதை எந்த வியாபாரியும் விரும்ப மாட்டார்!) கத்தரிக்காயின் காம்பு பசுமையாக இருக்கிறதா, பயற்றங்காய் சுருங்காமல் இருக்கிறதா, கீரைத் தண்டின் வெட்டு வாய் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நெகிழித் தாளில் இறுக்கிச் சுற்றிய பொருளில் இவற்றைத் தொட்டுப் பார்க்க இயலாது. அங்கே நாம் அச்சிட்ட முத்திரைத்தாளை நம்புகிறோம். அதுவும் பயனற்றதன்று. 2008ஆம் ஆண்டு வந்த விதிமுறைகளின்படி விளைபொருள்களைத் தரம் பிரித்து, பொட்டலமிட்டு, முத்திரையிட வேண்டும். அதைப் படித்தால் அப்பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்பதை அறியலாம். பலர் விலையை மட்டும் பார்த்துவிட்டு அதைப் படிக்காமலே கூடையில் போடுகிறார்கள்.

கெடா தமிழர்களுக்கு இச்செய்தியில் இன்னொரு பக்கமும் உண்டு. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்கள் காய்கறியை அதிகம் விலைக்கு வாங்கியவர்கள் அல்லர். லயத்து வீட்டின் பின்புறம் முருங்கை, வாழை, கத்தரி, வெண்டை, கறிவேப்பிலை நின்றன. ஆடு மாடுகளின் எருவே உரம். 1941 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் போனபோது, மரவள்ளிக்கிழங்குதான் பல குடும்பங்களின் உயிரைக் காத்தது. பின்னர், தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடியேறின. வீடு கிடைத்தது, கொல்லை கிடைக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு கையை நீட்டிப் பறித்த முருங்கைக்கீரையை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

அந்த முருங்கைக்கீரை பேரங்காடியில் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே அளவில், ஒரே நிறத்தில், நாள்தோறும் தவறாமல் வந்து சேரும் பொருளையே பெரிய கடைகள் விரும்புகின்றன. வாழைப்பூ, வாழைத்தண்டு, அகத்திக்கீரை போன்றவை அந்த ஒழுங்குக்குள் அடங்குவதில்லை. சந்தையில் ஓர் அம்மா நான்கே கட்டு முருங்கைக்கீரையோடு உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு அந்த நான்கு கட்டும் ஒரு வருமானம். வாங்குகிறவர்களுக்கு அது பழைய சுவை. இத்தகைய சிறு விற்பனைக்கு இடம் தருவதே சந்தையின் தலையாய சிறப்பு எனலாம்.

ஆயினும், சந்தையில் விற்பவர் எல்லாரும் உழவர் என்று எண்ணிவிட முடியாது. முட்டைக்கோசையும் குடைமிளகாயையும் பாருங்கள். கோசு குளிர்ந்த மலைப்பகுதியில் செழிக்கும் பயிர். கேமரன் மலை போன்ற இடங்களிலிருந்து லாரியில் வருகிறது. கெடா சமவெளியில் நெல் பயிரிடும் ஒருவர் அதைத் தம் நிலத்தில் விளைவித்திருக்க மாட்டார். அவர் மொத்தச் சந்தையில் வாங்கி விற்கிறார். அது குற்றமன்று, ஆனால் அப்போது இடைக்கை குறையவில்லை.

இதே சிக்கலை எதிர்கொள்ள, தமிழ்நாடு வேறொரு வழியைக் கையாண்டது. அங்கு முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில், கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்டது. உழவர்களுக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. அட்டை உள்ளவரே உள்ளே விற்கலாம். தராசும் அங்கேயே கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு நாளும் விலை முடிவு செய்யப்பட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி பலகையில் எழுதப்பட்டது. மொத்த விலையை விடக் கூடுதலாகவும் சில்லறை விலையை விடக் குறைவாகவும் அவ்விலை அமைந்தது. உழவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்த வேறுபாட்டை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது.

நம் ஊர்ச் சந்தையில் அத்தகைய பலகை இல்லாவிட்டாலும், கேட்பதற்கு வாய் இருக்கிறது. “அக்கா, இது உங்க கொல்லையில வெளஞ்சதா?” என்று கேட்டால், சொந்தமாகப் பயிரிட்டவர் பெரும்பாலும் அத்தோடு நிற்க மாட்டார். எப்போது நட்டது, என்ன பூச்சி வந்தது, எப்படிச் சமைத்தால் கசப்புத் தெரியாது என்பது வரை சொல்லிவிடுவார். வாங்கி விற்பவரும் பெரும்பாலும் மறைப்பதில்லை. “கோசு மலையிலேருந்து வந்தது தம்பி, பயற்றங்காய் மட்டும் நம்முது” என்பார். அப்போது பயற்றங்காயை அவரிடம் வாங்கலாம். கோசை எங்கே விலை குறைவோ அங்கே வாங்கலாம். அரிசி, பருப்பு, எண்ணெய் போன்றவற்றுக்குப் பேரங்காடியே வசதி.

பதினொரு மணியை நெருங்கும்போது குடைகள் மடங்கத் தொடங்கும். திரும்பக் கொண்டு போக மனமில்லாதவர்கள் மிஞ்சியதைக் குவியலாக வைத்து விலையைக் குறைப்பார்கள். அக்கீரை சற்றே வாடியிருக்கும். இரண்டு நாள் வைத்திருக்க ஆகாது. அன்று மதியமே கடைந்துவிடுவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.