நகர விளிம்பில் மக்களும் வீடுகளும்: சந்தாபுரா தரும் பாடம்

ஒரு நகரின் எதிர்காலத்தைத் திட்டமிட மூன்று விவரங்கள் இன்றியமையாதவை: அங்கு வாழ்வோர் எத்தனை பேர், அவர்கள் எத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர், குடிநீர், கழிவுநீர், கல்வி, மருத்துவம் போன்ற சமுதாய வசதிகள் அவர்களை எவ்வளவு தூரம் எட்டியுள்ளன. இவற்றை முறைப்படி ஆராய்வதில் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நீண்ட மரபு உண்டு. அம்மரபு இன்று எங்கே திரும்ப வேண்டும் என்பதைப் பெங்களூரின் தென்கிழக்கு விளிம்பிலுள்ள சந்தாபுரா தெளிவாகக் காட்டுகிறது.

ஆய்வு மரபு

1950-களில் திட்டக் குழுவின் ஆராய்ச்சித் திட்டக் கமிட்டி, பெரு நகரங்களின் சமூக, பொருளாதார நிலையை ஆராயும் பணியைப் பல்கலைக்கழகங்களிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும் ஒப்படைத்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லக்டாவாலாவும் அவருடைய குழுவினரும் பம்பாய் நகரை ஆராய்ந்தனர். வி.கே.ஆர்.வி. ராவ், பி.பி. தேசாய் ஆகியோரின் டில்லி ஆய்வு 1965-ல் நூலாக வெளிவந்தது. ராவ் 1972-ல் பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். அவரும் வி.கே. திவாரியும் எழுதிய பெங்களூர் நகர அமைப்பைப் பற்றிய ஆய்வு நூல் 1979-ல் வெளியாயிற்று.

இவ்வாய்வுகள் நகராட்சி எல்லையை அடிப்படையாகக் கொண்டு, மாதிரிக் குடும்பங்களிடம் விவரம் திரட்டின. அக்காலத்திற்கு அது பொருத்தமான முறையே. ஆனால் நகரம் எல்லைக்குள் நிற்கவில்லை.

எல்லை கடந்த வளர்ச்சி

1951-ல் பெங்களூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.8 லட்சம். 1981-ல் நகரத் தொகுப்பின் மக்கள்தொகை 29 லட்சமாகவும், 2011-ல் சுமார் 85 லட்சமாகவும் உயர்ந்தது. பெங்களூர் நகர்ப்புற மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-க்கும் 2011-க்கும் இடையே மட்டும் 47 சதவீதம் பெருகியது.

இவ்வளர்ச்சியின் ஒரு திசை ஓசூர் நெடுஞ்சாலை. 1970-களின் இறுதியில் தொடங்கிய எலெக்ட்ரானிக் சிட்டியும், அதற்கு அப்பால் பொம்மசந்திரா, ஜிகனி, அத்திபெலே தொழிற்பேட்டைகளும் இத்திசையில் எழுந்தன. நெடுஞ்சாலையிலிருந்து ஆனேக்கல் சாலை பிரியும் சந்திப்பில் அமைந்த சந்தாபுரா, இவற்றில் வேலை செய்வோரின் குடியிருப்பாக மாறியது. 2007-ல் பெருநகர மாநகராட்சி உருவானபோது அதன் எல்லைக்குள் சந்தாபுரா சேரவில்லை. கிராம பஞ்சாயத்தாக இருந்து பின்னரே அது பட்டண நகரசபை ஆயிற்று. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் பொம்மசந்திரா வரை நீட்டப்பட்டது. வேலையும் போக்குவரத்தும் முன்னே செல்ல, குழாய்நீரும் சாக்கடையும் பின்தங்குவது இத்தகைய ஊர்களின் பொது இயல்பாகும்.

இதற்கு ஊர் கொடுத்த விலைக்குச் சந்தாபுரா ஏரியே சான்று. கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலந்து அந்த ஏரி சீர்கெட்டதைத் தடுக்கத் தவறியமைக்காக, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் மாநில அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

கணக்கெடுப்பின் நுணுக்கங்கள்

குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் உழைப்பாளரில் 75 சதவீதத்தினர் வேளாண்மையல்லாத தொழிலில் ஈடுபட்டிருத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால், நகராட்சி இல்லாத ஊரையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரமாகவே கொள்ளும். இத்தகைய 'கணக்கெடுப்பு நகரங்கள்' 2001-ல் 1,362 இருந்தன. 2011-ல் ஏறத்தாழ 3,900 ஆயின. புள்ளிவிவரத்தில் நகரமாகவும் நிர்வாகத்தில் கிராமமாகவும் இவை நிற்கின்றன.

வகைப்பாடு மாறினால் அளவுகோலும் மாறுகிறது. 300 மீட்டர் தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்து வரும் பெண்ணின் வீடு, கிராமக் கணக்கில் குடிநீர் 'அருகில்' உள்ள வீடு. நகரக் கணக்கில் 'தொலைவில்' உள்ள வீடு. ஏனெனில் கிராமத்துக்கு 500 மீட்டரும் நகரத்துக்கு 100 மீட்டரும் வரம்பாகும். அவள் சுமக்கும் குடத்தின் எடை இரண்டிலும் ஒன்றே.

வீட்டுக் கணக்கிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 2011-ல் நாட்டின் நகர்ப்புறங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. 2012-ல் தொழில்நுட்பக் குழு மதிப்பிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையோ 1.88 கோடி. அதில் ஏறத்தாழ 1.5 கோடி, வீடே இல்லாமையால் அன்று, இட நெருக்கடியால் விளைந்ததாகும். ஆகவே வீடுகளை எண்ணினால் மட்டும் போதாது. ஓர் அறையில் எத்தனை பேர், என்ன வாடகையில், எவ்வளவு காலமாக வாழ்கின்றனர் என்பதும் வேண்டும்.

செய்ய வேண்டுவன

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1 அதன் மேற்கோள் நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகையால் திட்டங்கள் பலவும் 2011-ஆம் ஆண்டு எண்களையே நெடுங்காலம் சார்ந்து நிற்க நேர்ந்தது. அதன் பின்னர் வந்து குடியேறிய தொழிலாளி அவ்வெண்களில் இல்லை. அவருடைய பிள்ளைக்கான பள்ளி இடமும், அவர் குடும்பத்திற்கான குடிநீரும் அவற்றைக் கொண்டு போடும் கணக்கில் இடம்பெறா.

இவ்விடைவெளியைப் பல்கலைக்கழகங்கள் நிரப்ப இயலும். முதலாவதாக, மாதிரி ஆய்வின் எல்லையாக நகராட்சி வரம்பை அன்றி, வேலைக்குச் சென்று வரும் வட்டாரத்தைக் கொள்ள வேண்டும். இரண்டாவதாக, பகலில் பூட்டிக் கிடக்கும் வரிசை வீடுகளையும், பலர் பகிர்ந்து வாழும் அறைகளையும் விட்டுவிடாமல், தொழிலாளர் வேலை முடிந்து திரும்பும் வேளையில் விவரம் திரட்ட வேண்டும். மூன்றாவதாக, அதே குடும்பங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அணுகினால், வசதிகள் எட்டினவா, அல்லது வாடகை உயர்ந்து மக்களே இடம் பெயர்ந்தனரா என்பது விளங்கும்.

1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், குடிநீர், துப்புரவு, நகரத் திட்டமிடல் உள்ளிட்ட 18 பணிகளை நகர உள்ளாட்சிகளுக்கு உரியனவாகப் பட்டியலிட்டது. சிறிய நகரசபைக்கு அப்பொறுப்பை நிறைவேற்ற நிதி தேவை. நிதி கோர நம்பத்தகுந்த எண்ணிக்கை தேவை. அந்த எண்ணிக்கையைத் தரும் ஆய்வு, நூலகத்தில் உறங்காமல் நகரசபையின் வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்பே அதிகாரிகளின் கையை அடைய வேண்டும்.