பின்தொடைக்குப் பலம்



"குடம் தூக்குறோம், ஷூ கம்பெனியில பெட்டி சுமக்குறோம். தனியா பயிற்சி எதுக்கு மேடம்?" என்று ஆம்பூர் குழுக்களில் நம்மைக் கேட்கிறார்கள். முதுகை வளைத்துத் தூக்கினால் பாரம் முதுகில்தான் விழும். குனிந்த உடம்பை நிமிர்த்துவது பின்தொடைத் தசையின் வேலை. அதைப் பழக்குவோம்.

இரண்டு கையிலும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் பிடிப்போம். முழங்காலை லேசாக மடக்கி, முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னால் தள்ளி மெதுவாகக் குனிவோம். பின்தொடை இழுத்ததும் நிமிர்வோம். 10 தடவை, 2 சுற்று, வாரம் 2 நாள். சுலபமானால் எடையைக் கூட்டலாம். முதுகு வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எடை தூக்குறது ஆம்பளைங்க வேலையா? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி எடை தூக்கித்தானே வெண்கலம் வாங்கினார்! அடுத்த கூட்டத்தில் சேர்ந்து செய்வோம்.