நாலைத் தாண்டினால் புற்றுநோயா?

ஆலங்குளத்தில் ஐம்பது, அறுபது வயதுக்காரர் ஒருவர் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டால், சர்க்கரை, கொழுப்போடு பி.எஸ்.ஏ. என்றொரு வரியும் அறிக்கையில் வரலாம். பக்கத்தில் ‘இயல்பு: 0 – 4’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் 5.2 என்று வந்துவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. திருநெல்வேலி ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போவதா, மதுரைக்குக் கூட்டிப்போவதா என்று மகன்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

நாலைத் தாண்டினால் புற்றுநோய் என்பது தவறான நம்பிக்கை. பி.எஸ்.ஏ. புற்றுநோய் மட்டுமே சுரக்கும் பொருள் அல்ல. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி, உறைந்த விந்து நீர்த்துப்போக உண்டாக்கும் புரதம் அது. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். சுரப்பி பெருத்தாலும், அதில் கிருமித்தொற்று வந்தாலும், சிறுநீர் அடைத்து டியூப் போட்டாலும் கசிவு கூடும். அளவு கூடியதால் சதை எடுத்துச் சோதிக்கப்படுபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது.

இதில் வயதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பதுதான் பெரிய பிழை. வயது ஏற ஏறச் சுரப்பி பெருக்கிறது, பி.எஸ்.ஏ.வும் ஏறுகிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆஸ்டர்லிங் குழு 1993-ல் வெளியிட்ட ஆய்வு, மில்லிலிட்டருக்கு நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5 நானோகிராம் வரை இயல்பு என்றது. ஆனால் அதில் சோதிக்கப்பட்டவர்கள் வெள்ளையர்கள். ஜப்பானியரிடம் பார்த்தபோது அதே வரிசை 2, 3, 4, 5 என்று இறங்கியது. நலமாக உள்ள சீன ஆண்களிடமும் வயதோடு அளவு ஏறுவதையே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே எழுபத்திரண்டு வயது விவசாயிக்கு வரும் 4.5-ஐ விட, நாற்பத்தைந்து வயது வியாபாரிக்கு வரும் 3.5-ஐத்தான் நான் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். வியாபாரியின் அறிக்கையில் ‘இயல்பு’ என்றே இருக்கும். அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நாலுக்குள் இருந்தால் பயமே இல்லை என்பதும் அதே அளவு தவறு. அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஆய்வில், பி.எஸ்.ஏ. 4-க்கு மேல் போகாத ஆண்களிடம் சதை எடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் புற்றுநோய் இருந்தது. பெரும்பாலானவை மெதுவாக வளரும் வகை, எல்லாம் அல்ல. சுரப்பி வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் இவை பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிவிடும். அவர்களுக்கு 3 என்று வந்தால் அதை 6 என்றுதான் கொள்ள வேண்டும். எந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்று டாக்டரிடம் சொல்லாமல் சோதனை எடுத்தால் அறிக்கையே ஏமாற்றும்.

ராத்திரி நாலைந்து தடவை எழுந்து சிறுநீர் கழித்தால் புற்றுநோய் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வயதில் வரும் சாதாரண வீக்கம். தொடக்கநிலைப் புற்றுநோயோ பொதுவாக எந்தத் தொல்லையும் தருவதில்லை. முற்றி எலும்புக்குப் பரவி இடுப்புவலி, முதுகுவலி வந்த பிறகு வருகிறவர்கள் நம் நாட்டில் நிறைய. வயசான வலி என்று தைலம் தேய்த்தே மாதங்கள் போய்விடுகின்றன. இது எனக்குப் பெரிய வருத்தம்.

நீர்க்கடுப்பு, காய்ச்சல் இருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம். சரியாகி ஆறு வாரமாவது போகட்டும். சோதனைக்கு முன் இரண்டு நாள் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். அளவு கூடியிருந்தால் சதைச் சோதனைக்கு ஓடாமல், சில வாரம் கழித்து அதே லேபில் மறுபடி எடுத்து, சிறுநீரியல் (யூராலஜி) டாக்டரிடம் காட்டுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு. அப்படிப்பட்ட குடும்பத்து ஆண்கள் நாற்பத்தைந்திலேயே டாக்டரிடம் பேசத் தொடங்க வேண்டும்.