ஞாயிறும் திங்களும் இஸ்லாமிய வாழ்வும்

நம் ஜவ்வாது மலையின் காவலூரில் வானாய்வகம் இருப்பதை இக்கல்லூரியில் அறியாதார் இலர். அங்குள்ள 93 அங்குலத் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. வானாய்வகத்திற்கு வைணு பாப்பு அவர்களின் பெயரும் அப்போதே சூட்டப்பட்டது. அங்கே விண்மீன்களைக் குறிக்க வழங்கும் பெயர்களுள் பல அரபு மொழிப் பெயர்கள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் ரோகிணி என்னும் மீன் அவர்களுக்கு ‘அல்டெபரான்’. ‘பின்தொடர்வது’ என்பது பொருள். கார்த்திகைக் கூட்டத்தின் பின்னே அது எழுவதால் அப்பெயர். நம் திருவோணம் ‘அல்டேர்’, அதாவது ‘பறப்பது’. கிரேக்கரின் வான நூல்களை அரேபியர் மொழிபெயர்த்துப் பேணி வளர்த்தமை இதற்கு ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. இஸ்லாமியனின் அன்றாடக் கடமைகளே வானத்தைப் பார்த்து வகுக்கப்பட்டவை. எப்போது தொழுவது, எத்திசை நோக்குவது, எந்நாளில் நோன்பு தொடங்குவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை வானத்தில்தான் இருக்கிறது.

விடுதியில் என் அறைத்தோழர் வாணியம்பாடியைச் சேர்ந்தவர். மலையில் எங்கள் ஊரில் பள்ளிவாசல் இல்லை. எனவே அவரோடு பழகியே இச்சமயத்தை ஓரளவு அறிந்துகொண்டேன். அவரைப் பற்றி விடுதியில் எழுந்த கேள்விகள் கொஞ்சமல்ல. “நீங்கள் மேற்குத் திசையை வணங்குகிறீர்களா?”, “உங்கள் பண்டிகை மட்டும் ஏன் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாதத்தில் வருகிறது?”, “தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் படிப்பது எப்படி?” என்றெல்லாம் கேட்பார்கள். கேட்டவர் எவரும் கெட்ட எண்ணத்துடன் கேட்கவில்லை. எனினும் பதிலை நின்று கேட்டவரும் குறைவு. அவர் எனக்குச் சொன்னவற்றையும், பின்னர் நூலகத்தில் நான் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்பிக்கை. இறைவன் ஒருவனே, அவனுக்கு இணை துணை இல்லை, அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை, அவனுக்கு உருவம் வைப்பதும் கூடாது. இதுவே அடித்தளம். மற்றவை யாவும் இதன்மேல் எழுந்த சுவர்களே. மலக்குகள் எனப்படும் வானவரையும், இறைவன் அருளிய வேதங்களையும், அவன் அனுப்பிய நபிமார்களையும், இறுதித் தீர்ப்பு நாளையும், நன்மை தீமை யாவும் இறைவனின் அளவுப்படியே நிகழ்கின்றன என்பதையும் நம்ப வேண்டும். நபிமார் வரிசையில் ஆதம், நூஹ், இப்ராஹீம், மூசா, ஈசா ஆகியோர் வருகின்றனர். கிறிஸ்தவ நண்பர்கள் நோவா, ஆபிரகாம், மோசே, இயேசு என்று கூறுவோர் இவர்களே. இவ்வரிசையில் இறுதியானவர் முகம்மது நபி அவர்கள். சுமார் 570இல் மக்காவில் பிறந்து, 632இல் மதீனாவில் மறைந்தவர். அவருக்கு ஏறத்தாழ 23 ஆண்டுக் காலத்தில் சிறிது சிறிதாக அருளப்பட்டதே 114 அத்தியாயங்கள் கொண்ட குர்ஆன். இறைவனைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை, முகம்மது அவனுடைய தூதர் என்று உளமார உறுதிகூறுவது ‘கலிமா’. ஐந்து கடமைகளுள் இது முதலாவது. நபிகளை முஸ்லிம்கள் வணங்குவதாகச் சிலர் எண்ணுகின்றனர். அவரைத் தூதர் என்று சொல்லும் உறுதிமொழியே அந்த எண்ணத்தை மறுத்துவிடுகிறது.

இரண்டாவது கடமை தொழுகை. நாளுக்கு ஐந்து வேளை. இவ்வேளைகளைக் கடிகாரம் முடிவு செய்வதில்லை. ஞாயிறு முடிவு செய்கிறது. கீழ்வானில் வெளிச்சம் குறுக்காகப் பரவத் தொடங்கியதிலிருந்து சூரியன் தோன்றும் வரை வைகறைத் தொழுகையாகிய ஃபஜ்ர். உச்சி சாய்ந்தபின் லுஹர். பிற்பகலில் அஸர். சூரியன் மறைந்தவுடன் மக்ரிப். அந்திச் செவ்வானம் முற்றும் அகன்றபின் இஷா. கடமையான ரக்அத்துகள் முறையே 2, 4, 4, 3, 4 என நாளொன்றுக்குப் பதினேழு. நின்று ஓதி, குனிந்து, நெற்றி நிலத்தில் படப் பணிந்து எழுவது வரை ஒரு சுற்று. அதுவே ஒரு ரக்அத்.

இவற்றுள் அஸர் வேளையைக் கணக்கிடும் முறை என் மனத்தைக் கவர்ந்தது. ஒரு குச்சியை நட்டு, உச்சிப்பொழுதில் அதற்கு எவ்வளவு நிழல் இருந்ததென்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் நிழல் வளர்ந்து, குறித்த அளவுக்கு மேல் குச்சியின் உயரமும் சேர்ந்ததும் அஸர் வந்துவிட்டது என்பது ஷாஃபி வழியினர் கொள்கை. குச்சியைப் போல் இருமடங்கு சேர வேண்டும் என்பது ஹனஃபி வழியினர் கொள்கை. தமிழகத்தில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழியினர் மிகுதி; வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் ஹனஃபி வழியினர் மிகுதி. ஆகவே அஸர் பாங்கு கடற்கரையில் முந்தியும் பாலாற்றங்கரையில் பிந்தியும் ஒலிக்கும். என் அறைத்தோழரின் அத்தை கீழக்கரையில் வாழ்க்கைப்பட்டவர். “அத்தை வீட்டுக்குப் போனால் மாலைத் தேநீர் முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிடைத்துவிடும்” என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். இரு சாராரும் ஒருவர் பின்னால் ஒருவர் நின்று தொழத் தடையில்லை.

சூரியனைப் பார்த்துத் தொழுதாலும் சூரியனைத் தொழுவதில்லை என்பதை இச்சமயம் மிகக் கவனமாகப் பேணுகிறது. சூரியன் எழும் நேரத்திலும், உச்சியில் நிற்கும் நேரத்திலும், மறையும் நேரத்திலும் தொழுவதை நபிகள் நாயகம் விலக்கினார்கள். வேளை அறிய உதவும் கதிரவன் வணங்கப்படும் பொருளாகிவிடக் கூடாது. இதனை விளக்க இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. நபிகளின் இளம் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். மகனைப் பறிகொடுத்த துயரத்தில் இருந்தவர் அப்பேச்சை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் சான்றுகள், எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவை மறைவதில்லை என்று கூறி, மக்களைத் தொழுகைக்கு அழைத்தார்கள். தம்மைப் புகழும் ஒரு மூடநம்பிக்கையைத் தாமே மறுத்த இச்செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அடுத்து, மேற்குத் திசை பற்றிய கேள்வி. முஸ்லிம்கள் நோக்குவது மக்காவிலுள்ள கஃபா என்னும் ஆலயத்தின் திசையை. உலகெங்கும் உள்ளோர் ஒரே மையத்தை நோக்கி வட்டம் வட்டமாக நிற்பதாகக் கொள்ளலாம். கஃபாவுக்கு மேற்கே உள்ளோர் கிழக்கு நோக்குவர். வடக்கே உள்ளோர் தெற்கு நோக்குவர். தொடக்கத்தில் ஜெரூசலத்தை நோக்கியே தொழுதனர். 624இல்தான் திசை மாறியது. நம் மலையிலிருந்து கணக்கிட்டால் அத்திசை நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 19 பாகை வடக்கே சாய்ந்தது. கோள முக்கோணவியல் பயிலும் கணித மாணவர்கள் காவலூரின் அட்சம் சுமார் 12.6 என்றும், மக்காவின் அட்சம் 21.4 என்றும், இடைப்பட்ட தீர்க்கம் 39 பாகை என்றும் கொண்டு இதனைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் முதலியவற்றைக் கழுவுவது ‘உளூ’. தண்ணீர் கிடைக்காத இடத்தில் தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டால் போதும். கோடையில் ஒரு குடம் நீருக்காகச் சரிவில் இறங்கி ஏறும் எங்கள் மலைப் பெண்களுக்குச் சொன்னால் இச்சலுகையின் அருமை உடனே விளங்கும். பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஊர் கூடித் தொழுவது ஜும்ஆ. அதற்குமுன் சொற்பொழிவு நிகழும். ஒரு சிறு செய்தி: இவர்களுடைய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது. ஆதலால் அவர்கள் ‘வெள்ளி இரவு’ என்றால் அது நமக்கு வியாழக்கிழமை இரவு. விருந்துக்கு அழைக்கப்படும் நண்பர்கள் குறித்துக்கொள்க.

இதுவரை ஞாயிற்றின் ஆட்சி. மாதமும் ஆண்டும் திங்களின் ஆட்சிக்கு உட்பட்டவை. இருபத்தொன்பதாம் நாள் மாலை மேல்வானில் பிறை தெரிந்தால் மறுநாள் புதிய மாதம். தெரியாவிட்டால் மாதத்திற்கு முப்பது நாள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 அல்லது 355 நாள். நம் ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. தெலுங்கர் முதலிய சந்திரமான வழக்கினர் அதிக மாதம் ஒன்றைச் சேர்த்து இக்குறையை ஈடுசெய்வர். அரேபியரிடமும் முன்பு அத்தகைய வழக்கம் இருந்தது. குர்ஆன் அதனை விலக்கிவிட்டது. அதனால்தான் ரமலான் பருவந்தோறும் நகர்ந்துகொண்டே போகிறது. சுமார் 33 ஆண்டுகளில் ஒரு முழுச் சுற்று முடியும். 2030ஆம் ஆண்டில் சனவரியில் ஒரு ரமலானும் டிசம்பர் இறுதியில் மற்றொரு ரமலானும் தொடங்கும். ஒரே பருவத்தில் நிலைத்திருந்தால் ஒரு நாட்டார்க்கு என்றும் கோடையும், மற்றொரு நாட்டார்க்கு என்றும் குளிரும் வாய்க்கும். நகர்வதால் அக்கினி நட்சத்திர வெயிலும் மார்கழிக் குளிரும் யாவர்க்கும் முறைவைத்து வருகின்றன.

கண்ணால் பிறை காண்பதா, கணக்கால் அறிவதா என்பதில் முஸ்லிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. தமிழகத்தில் பெரும்பாலோர் பிறை தெரிந்ததாக அரசு தலைமைக் காஜி அறிவிப்பதை ஏற்கின்றனர். வேறு நாடுகளில் தெரிந்த பிறையையோ கணிப்பையோ ஏற்போரும் உளர். எனவே ஒரே ஊரில் இரு நாட்களில் பெருநாள் வருவதும் உண்டு. “காவலூர்த் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லிவிடலாமே” என்று விடுதியில் ஒரு நண்பர் யோசனை கூறினார். மங்கிய விண்மீன்களை ஆராயும் அவர்களோ நிலா இல்லாத இரவுக்காகக் காத்திருப்பவர்கள்!

ரமலான் மாதம் முழுவதும் நோன்பு நோற்பது மூன்றாவது கடமை. வைகறை வெளிச்சம் தோன்றுமுன் உண்பது சஹர். அதன்பின் சூரியன் மறையும்வரை ஏறத்தாழப் பதின்மூன்று மணி நேரம் உணவும் நீரும் இல்லை. பொய்யும் புறங்கூறலும் பேசிக்கொண்டு பட்டினி கிடப்பதில் பயனில்லை என்பது நபிகள் போதனை. நோயாளிகள், பயணிகள், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் பின்னொரு காலத்தில் ஈடுசெய்துகொள்ளலாம். மாலையில் பேரீச்சம்பழமும் நீரும் கொண்டு நோன்பு திறப்பர். அரிசி, பயறு, இஞ்சி, பூண்டு, வெந்தயம் சேர்த்துக் குழையக் காய்ச்சும் நோன்புக் கஞ்சி நம் தமிழ்நாட்டுக்கே உரிய சிறப்பு. பள்ளிவாசல்களில் அனைவர்க்கும் கிடைக்கும். கடந்த ரமலானில் விடுதியில் அதிகாலை உணவுக்கு ஏற்பாடில்லை. முதல் நான்கு நாட்கள் என் தோழர் ரொட்டியும் வாழைப்பழமும் உண்டு நோன்பு வைத்தார். பின்னர் நாங்கள் சிலர் சமையற்காரரிடம் பேசினோம். அவரோ, “முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி!” என்று கடிந்துகொண்டு, இரவே சோறும் குழம்பும் தூக்குச்சட்டியில் எடுத்துவைத்தார்.

நான்காவது ஜகாத். தருமம் என்று இதனைச் சொல்லிவிடுகிறோம், அது பொருந்தாது. தருமம் கொடுப்பவன் விருப்பம். ஜகாத் ஏழையின் உரிமை. ஏறத்தாழப் பதினொரு பவுன் தங்கமோ, அதற்கென வகுத்த அளவுப் பொருளோ ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கையில் இருந்தால், நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். விளைச்சலுக்கு ஆண்டுக் கணக்கு இல்லை. அறுவடையன்றே கடமை வந்துவிடுகிறது. மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. எங்கள் மலையில் சாமை மழையால் விளைவது. அடிவாரத்தில் நெல் கிணற்று நீரால் விளைவது. இறைத்தவனின் உழைப்புக்கும் செலவுக்கும் பாதியைத் தள்ளிக்கொடுத்த இக்கணக்கை உழவன் வீட்டுப் பிள்ளை எவனும் நியாயம் என்றே சொல்வான். வறியவர், கடனில் மூழ்கியவர், வழியில் பொருளிழந்து தவிப்பவர் எனப் பெறத்தக்கோர் எட்டு வகையினர்.

ஐந்தாவது ஹஜ். உடல் வலிமையும் பொருள் வசதியும் உடையோர்க்கு வாழ்நாளில் ஒருமுறை கடமை. துல்ஹஜ் மாதத்தில் ஆடவர் யாவரும் தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்து மக்காவில் கூடுவர். ஒன்பதாம் நாள் அரஃபாத் வெளியில் நிற்பதே ஹஜ்ஜின் உயிர்நாடி. பத்தாம் நாள் உலகெங்கும் பக்ரீத் பெருநாள். இப்ராஹீம் நபி இறைவன் கட்டளைக்கு இணங்கி மகனையே பலியிடத் துணிந்ததன் நினைவாகக் குர்பானி கொடுப்பர். இறைச்சியை மூன்றாகப் பிரித்து, வீட்டார்க்கு ஒன்று, உற்றார்க்கு ஒன்று, ஏழைகட்கு ஒன்று எனப் பகிர்வது நல்ல வழக்கமாகக் கொள்ளப்படுகிறது.

இக்குர்பானிக்கு எங்கள் மலைக் குடும்பங்களோடு நேரடித் தொடர்பு உண்டு. பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் வெள்ளாட்டுக்கு நல்ல விலை கிடைக்கும். கீழ்நாட்டு வியாபாரிகள் தேடி வருவர். ஆனால் ஆடு ஓராண்டு நிறைந்ததாக, குருடு, நொண்டி, நோய் இல்லாததாக இருக்க வேண்டும். சில நாள் குறைந்தாலும் மார்க்கம் அறிந்தவர் வாங்கமாட்டார். என் தந்தையார் சித்திரை வைகாசி என்று நம் மாதத்தில் எண்ணிப் பழகியவர். பெருநாள் ஏன் முன்னே முன்னே ஓடுகிறது என்பது அவருக்கு நெடுநாள் புதிர். விடுமுறையில் சென்றபோது பதினொரு நாள் கணக்கைச் சொல்லி, மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைத்தேன். 2025இல் பக்ரீத் சூன் முதல் வாரம். 2026இல் மே இறுதி. 2027இல் மே நடு. 2028இல் மே முதல் வாரம். அவர் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியானால் சித்திரை பிறந்து பத்து நாளுக்குள் ஈன்ற குட்டிதான் 2028க்கு ஆகும், இரண்டாவது ஈற்றைக் கணக்கில் வைக்கக் கூடாது” என்றார்.